தூசி படாத கருவி

செவ்வந்தி வீட்டில் எந்தப் பொருளையும் நேருக்கு நேர் பார்க்க முடியாது. டி.வி.க்கு உறை, மிக்ஸிக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்கு உறை, அபியின் சைக்கிளுக்கு முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரே உறை. எல்லாம் பழைய நைட்டியையும் கெஸ்ட் ஹவுஸில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளையும் வெட்டி அவளே தைத்தவை. உறையின் வாயில் எலாஸ்டிக் கோத்திருப்பாள். ஒரு இழுப்பில் மாட்டலாம், ஒரு இழுப்பில் கழற்றலாம். நிலக்கரிச் சாம்பல் பறக்கிற நெய்வேலியைச் சுற்றி வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த மூடுகிற பழக்கம் உண்டு. ஆனால் செவ்வந்தி அளவுக்குச் சுத்தமாகத் தைப்பவளை நான் பார்த்ததில்லை.

நான் அப்துல் கபார். மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் செய்வது, ஆங்கிலக் காகிதத்தைத் தமிழாக்குவது, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போடுவது எல்லாம் இங்கேதான். இருபத்திரண்டு வருடமாக பைண்டிங் போட்டதில் ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். சாம்பல் செங்கல்லின் உறுதி பற்றிய ஒரே ரிப்போர்ட்டைப் பதினான்கு வருடமாகப் பதினான்கு பேரின் பெயரில் பைண்ட் செய்திருக்கிறேன். ஒரு வருடம் ஒரு மகானுபாவன் மூன்றாம் பக்கத்தில் பழைய மாணவனின் பெயரை எடுக்கவே மறந்துவிட்டான். அவனுக்குத்தான் அந்த வருடம் முதல் மதிப்பெண். எந்தப் பேராசிரியராவது மூன்றாம் பக்கம் வரை புரட்டியிருப்பார் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

செவ்வந்தி பிறந்தது சேத்தியாத்தோப்புப் பக்கம். பத்து வயதில் நடவுக்கு இறங்கியவள். பத்தொன்பதில் செங்குட்டுவனைக் கட்டிக்கொண்டு அத்திக்குளம் காலனிக்கு வந்தாள். அவன் பதினேழு வருடமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு டவுன்ஷிப்பில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை சுத்தம் செய்கிற வேலை, காலை பத்திலிருந்து மூன்று வரை. அதுவும் காண்ட்ராக்ட்தான். டவுன்ஷிப்பில் சாலைக்கு இரண்டு பக்கமும் மரம், பிளாக்குக்கு பிளாக் பூங்கா. அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் காலனி. காலனியின் ஒரே தெரு வழியாகத்தான் செங்கல் சூளைகளுக்குச் சாம்பல் ஏற்றிய தனியார் லாரிகள் போகும். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நான்கிலிருந்து ஏழு. தார்ப்பாய் கட்ட வேண்டும் என்பது சட்டம். தார்ப்பாயைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பதால் சட்டம் லாரிக்குள்தான் இருக்கிறது.

மகள் அபி அப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கு இழுப்பு. மாலை லாரி ஓடுகிற நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் நெஞ்சிலிருந்து வருகிற சத்தம் வாசல் வரை கேட்கும். நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் செவ்வந்தி என் கடைக்கு வர ஆரம்பித்தாள். லாரிகளை ஊருக்கு வெளியே இருக்கிற சுற்றுச் சாலையில் விடச் சொல்லிப் பதினோரு மனு டைப் செய்து கொடுத்தேன். பதினோராவது மனுவுக்கு ஒரு பதில் வந்தது. தூசி அதிகமுள்ள தெருக்களுக்கு மாவட்ட அளவில் ஒரு பட்டியல் தயாராகிறது, பட்டியலில் வருகிற தெருக்களில் லாரி போகாது, ஆனால் பட்டியலில் சேர்க்க உங்கள் தெருவுக்கு அறிவியல்பூர்வமான தரவு இல்லை.

"தரவுன்னா இன்னா பாய்?" என்று கேட்டாள்.

"ஆதாரம்மா. கணக்கு போட்டு நெம்பரா காட்டணுமாம்."

"எம் பொண்ணு இழுத்துகினு கெடக்கறது ஆதாரம் இல்லியா?"

"அது நெம்பர் இல்லையேம்மா," என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் நிலைமை.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து பேராசிரியர் மதிவாணன் எழுந்தருளினார். கூடவே அவருடைய பழைய மாணவி எழில்மதி. அந்தப் பெண் ஒரு ஸ்டார்ட்அப் கம்பெனி தொடங்கியிருந்தாள். டிபன் பாக்ஸ் அளவில் தூசி அளக்கிற கருவி. பேராசிரியர் கட்டுரை எழுதுவார், கம்பெனி கருவி விற்கும், இரண்டையும் காட்டி அரசாங்கம் திட்டம் தீட்டும். மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ளும் ஏற்பாடு. இதற்கு ஆங்கிலத்தில் நாலு நீளமான வார்த்தை வைத்திருந்தார்கள். தமிழாக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள்.

அவர்கள் தங்கியது செவ்வந்தி வேலை செய்கிற கெஸ்ட் ஹவுஸில். அறை கூட்ட வந்தவளிடம் பேச்சுக் கொடுத்து, அவள் அத்திக்குளம் காலனி என்றும், அவள் வீட்டுக்கு மட்டும்தான் அந்தத் தெருவில் தளம் போட்ட மாடி என்றும் தெரிந்துகொண்டார்கள். மறுநாளே காலனியில் கூட்டம். எழில்மதி வெள்ளைத் திரையில் பூமியைக் காட்டினாள், அதற்கு மேலே ஒரு சாட்டிலைட்டைக் காட்டினாள்.

"இந்த டிவைஸ் சாட்டிலைட்டோட கனெக்ட் ஆகியிருக்கும்ங்க. நீங்க எதுவும் பண்ண வேண்டாம். எல்லாம் அதுவே பாத்துக்கும்," என்றாள்.

சாட்டிலைட்டுக்கும் தூசி அளப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அளந்ததை அனுப்பக்கூட செல்போன் சிம்தான். சாட்டிலைட் படம் போட்டால் பெரிய விஷயமாகத் தெரியும் என்று போட்டிருக்கிறாள். காலனிக்காரர்களுக்கு சாட்டிலைட் என்றால் டிஷ் டி.வி. மேலே இருக்கிறது எல்லாவற்றையும் பார்க்கிறது, வீட்டில் இருக்கிற பெட்டி வாங்கிக் காட்டுகிறது. அவர்கள் புரிந்துகொண்டது அவ்வளவுதான். அதற்கு மேல் புரியவைக்க அந்த அம்மையாருக்கு நேரமில்லை, மதியச் சாப்பாட்டுக்கு டவுன்ஷிப் திரும்ப வேண்டும்.

பிறகு ஒப்புதல் படிவம். ஏதோ ஆய்வகத்துக்கு மைக்ராஸ்கோப் கொடுக்கும்போது எழுதிய படிவத்தைத் தலைப்பை மாற்றி அச்சடித்து வைத்திருந்தார்கள். பதினான்கு வருடமாக செங்கல் ரிப்போர்ட் பைண்ட் செய்தவனுக்கு அது உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி, கூலியையும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நானே உரக்கப் படித்தேன். ஆறாவது விதி: தூசி, ஈரம், வெப்பம் ஆகியவற்றால் கருவிக்குச் சேதம் நேராமல் பாதுகாப்பேன் என உறுதி கூறுகிறேன்.

செவ்வந்தி கையெழுத்துப் போட்டாள், கருவியை அவள் வீட்டு மாடியில் பொருத்திவிட்டுப் போனார்கள். சொன்ன சொல் காப்பாற்றுகிறவள். அன்று மாலையே நல்ல விரிப்புத் துணியாக எடுத்து, இரண்டு மடிப்பு வைத்து, எலாஸ்டிக் கோத்து அந்தக் கருவிக்கு ஒரு உறை தைத்தாள்.

ஒரு வருடம் முழுக்க காலை முதல் லாரி சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடிப்போய் கருவியை மூடினாள். ஒன்பது மணிக்குக் கடைசி லாரி போனதும் கழற்றி உதறினாள். மாலையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை உறையைத் துவைத்துக் காயப்போட்டாள், அந்த நேரத்துக்கு மாற்று உறை ஒன்றும் வைத்திருந்தாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. இவ்வளவு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு கவனமா என்று மெச்சிக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து காரில் ஒரு டெக்னீஷியன் வருவான். அவன் வந்து சேரும்போது மதியம் பன்னிரண்டு. கருவி பளபளவென்று இருக்கும். பராமரிப்பு மிகச் சிறப்பு என்று குறிப்பு எழுதி, செல்ஃபி எடுத்துக்கொண்டு போவான்.

ரிப்போர்ட் வந்தது. தமிழ்ச் சுருக்கம் என் கடைக்கு பைண்டிங்குக்கு வந்ததால் ஊரில் முதலில் படித்தவன் நான்தான். அத்திக்குளம் காலனியில் தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. லாரி ஓடாத நேரத்தைவிட லாரி ஓடுகிற நேரத்தில் தூசி இன்னும் குறைகிறது. இதற்குப் பேராசிரியர் ஒரு விளக்கமும் கண்டுபிடித்திருந்தார். கனரக வாகனங்கள் கிளப்பும் காற்றோட்டம் தூசியை அடித்துக்கொண்டு போய்விடுகிறதாம். இந்தக் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டுப் பத்திரிகையில் இடம் கிடைத்தது, எழில்மதியின் கம்பெனிக்கு ஒரு விருது கிடைத்தது. மாடியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஏறி நின்றிருந்தால் இருமி இருமியே உண்மை தெரிந்திருக்கும். ஏழு மணிக்கு அவர்கள் கெஸ்ட் ஹவுஸில் காப்பிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

காலனி பட்டியலில் இல்லை. பட்டியலில் வந்த மற்ற தெருக்களின் லாரிகளையும் இனி அத்திக்குளம் வழியாக விடலாம் என்று பரிந்துரை. அதிகாரிகளும் மூன்றாம் பக்கம் புரட்டுகிறவர்கள் இல்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

செவ்வந்தியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் நின்றாள். அடிக்குறிப்பு ஒன்றையும் படித்தேன். செப்டம்பர் பதினெட்டு, பத்தொன்பது ஆகிய இரு நாட்களில் மட்டும் அளவு பல மடங்கு உயர்ந்து காணப்பட்டது, கருவிக் கோளாறாகக் கருதி அவை நீக்கப்பட்டன.

"எந்தெந்த நாளு?" என்றாள்.

மறுபடியும் சொன்னேன்.

அவள் கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு. அபி, வயது பதின்மூன்று. சேர்த்த தேதி செப்டம்பர் பதினேழு, இரவு. அனுப்பிய தேதி செப்டம்பர் பத்தொன்பது, இரவு.

"அந்த ரெண்டு நாளும் நானு வூட்ல இல்ல பாய். அபிக்கு ரொம்ப முடியாம போயி, அவுங்கப்பாவும் நானும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தோம். மிஷின மூட ஆளு இல்ல."

"மூடறதா? எதுக்கும்மா மூடுன?"

"நீங்கதான பாய் படிச்சிங்க, தூசி படாம பாத்துக்கணும்னு."

இதுவரை பேராசிரியரைத் திட்டிக்கொண்டிருந்த நான் அந்த நிமிடம் என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் டவுன்ஷிப்பில் பாராட்டு விழா. சமூகப் பங்காளர் என்று செவ்வந்திக்கு ஒரு சால்வை போட அழைத்திருந்தார்கள். அவள் உறையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன். விழா முடிந்து சாப்பிட எழுந்தவர்களை வழிமறித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். உறையை மாட்டுவது எப்படி என்று ஒரு டிபன் பாக்ஸில் மாட்டியும் காட்டினாள்.

மதிவாணனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. அதை ஒரு நொடியில் துடைத்துவிட்டுப் பேசினார்.

"அம்மா, பேப்பர் பப்ளிஷ் ஆகிடுச்சு. முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் டேட்டாவுல ரெண்டு நாளை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த ஸ்டடியில பாக்கலாம்."

"அந்த ரெண்டு நாளுதாங்க நெசம். மீதி நாளெல்லாம் என் துணியத்தான் அளந்துகினு இருந்துச்சு," என்றாள் செவ்வந்தி.

"நீங்க பண்ணது டேம்பரிங், மெஷின்ல கை வெச்ச குத்தம். நாங்க கம்ப்ளெயின்ட் பண்ணலைன்னு சந்தோஷப்படுங்க," என்றார் பேராசிரியர், சோற்றுத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே.

எழில்மதி மட்டும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள். "ஐடியா நல்லா இருக்குங்க. நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆறு மாதத்தில் அந்தக் கம்பெனியின் புதுக் கருவி வந்தது. அதன் விளம்பரத் தாளும் தமிழாக்க என்னிடம் வந்தது. கருவியைப் பாதுகாக்க நவீன நெகிழ் உறை, எங்கள் ஆய்வாளர்களின் புதிய கண்டுபிடிப்பு. அந்தத் தாளை அப்படியே திருப்பி அனுப்பினேன். வேறு யாரோ தமிழாக்கியிருப்பார்கள்.

இப்போது அத்திக்குளத்தில் பழைய லாரிகளோடு புது லாரிகளும் ஓடுகின்றன. அபியை சேத்தியாத்தோப்பில் மாமா வீட்டில் விட்டுவிட்டாள், அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறாள் செவ்வந்தி. அங்கே போனால் பிள்ளை ஓடி ஓடி விளையாடுகிறாளாம், அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறதாம், வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறதாம்.

போன திங்கட்கிழமை பன்னிரண்டாவது மனுவுக்கு வந்தாள். சுற்றுச் சாலையா, பட்டியலா, எதை முதலில் கேட்பது என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் வாணாம் பாய். லாரிய நிறுத்தச் சொல்லியும் கேக்க வாணாம். செப்டம்பர் பதினெட்டு, பத்தொம்போது, அந்த ரெண்டு நாளு மிஷினு கெட்டுப் போவல, எம் பொண்ணுதான் மூச்சு வாங்கிகினு கெடந்தான்னு எழுதுங்க. அத மட்டும் ஒத்துக்கச் சொல்லுங்க."

அப்படியே டைப் செய்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால் இணைத்தேன். கையெழுத்துப் போடுமுன் முழுதும் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். அன்று கூட்டத்தில் படிவத்தைப் படித்ததுபோல இல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று சொல்லிச் சொல்லிப் படித்தேன்.