ஊருணிக்காகப் பேசிய வள்ளிக்கண்ணு அத்தை

தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. கலெக்டரைப் பார்க்கச் சிவகங்கைக்குப் புறப்பட்ட வள்ளிக்கண்ணு அத்தை, பஸ் ஏறுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் ஊர் வந்தபோது ஊருணிக் கரையில் சோதனைத் துளை போடும் இயந்திரம் நின்றிருந்தது. துக்கத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் விடியுமுன்பே அதன் சத்தம் மறுபடி கேட்டது.

நம் பஞ்சாயத்தில் எழுந்து பேசும் ஒரே பெண் உறுப்பினர் அவர் என்பது ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்பாவின் அக்கா. பென்சிலுக்குள் வைக்கும் கிராபைட் நம் மண்ணுக்கடியில் கிடக்கிறது, அரசாங்கம் சுரங்கம் தோண்டப்போகிறது என்ற செய்தியை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான். "நாட்டுக்கே பெருமை அத்தை!" என்று துள்ளினேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: "பெருமை சரிடி. அது ஊருணிக்கு அங்குட்டா, இங்குட்டா?" செய்தியில் அது இல்லை. முதலீடு போடும் வெளிநாட்டுக் கம்பெனியின் பெருமையும் மந்திரியின் பேச்சும்தான் இருந்தன.

அந்தக் கம்பெனித் துரையை மந்திரி அழைத்து வந்த நாளை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அய்யனார் கோயிலில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்துவிட்டால் துரை ஊருக்குக் கட்டுப்பட்டவராகிவிடுவார், குடிதண்ணீர் ஊருணியைத் தொடமாட்டார் என்று பஞ்சாயத்துத் தலைவர் நம்பினார். கட்டியும் விட்டார்கள். அத்தை ஒரு செம்பில் ஊருணித் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார். "பரிவட்டம் கட்டிக்கிட்டவுக நம்ம தண்ணியக் குடிக்கணும்ல."

துரை சிரித்தபடி வாங்கினார். மொழிபெயர்ப்பவர் அவர் காதில் ஏதோ சொன்னார். செம்பு அப்படியே என் கைக்கு வந்தது. துரைக்குச் சோடா உடைத்தார்கள்.

"ஏத்தா, விருந்தாளிக்கு வயித்தால போனா நீயா பதில் சொல்லுவ?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

"சிரிங்கப்பா. தொண்டை நனைஞ்சிருக்கையிலயே சிரிச்சுக்கங்க," என்றார் அத்தை.

மந்திரியும் சிரித்தார். "ஒரு சொட்டுகூடக் குறையாதும்மா. நான் பொறுப்பு."

மழைக்காலத்துக்கு முன்பே அவர் மந்திரியாக இல்லை. அந்தப் பொறுப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்கத்தான் அத்தை சிவகங்கைக்குக் கிளம்பினார். ஐப்பசி மழை பெய்தும் ஊருணியில் அடிப்படிகள் வெளியே தெரிகின்றன. நேற்று நான் குடத்தை அமிழ்த்தியபோது தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு மினுமினுப்பு விலகி வழிவிட்டது.

சோதனைத் துளையோடு நிற்காமல் கரையையே கம்பெனிக்கு விடும் தீர்மானம் முன்பே ஒருமுறை பஞ்சாயத்துக்கு வந்தது. எல்லோரும் தலைகுனிந்திருக்க, அத்தை எழுந்து ஒவ்வொருவராகக் கேட்டாராம்: "கருப்பையா மாமா, நீங்க சொல்லுங்க, குடுத்துரலாமா? ராமு தம்பி, நீ சொல்லு." வாய் திறந்து ஆமாம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. தீர்மானம் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "சும்மா இருந்தாச் சம்மதம்னு முடிச்சிருவாக. பேரச் சொல்லிக் கேட்டாத்தேன் மனுசனுக்கு வெக்கம் வரும்."

வெள்ளிக்கிழமை அந்தத் தீர்மானம் மறுபடி வருகிறது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது தைரியம் என்று எழுதத்தான் ஆசை. என்னிடம் இருப்பது ஒரு பயம். அன்றைக்கு உங்களைப் பேர் சொல்லிக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.