டெமோ வண்டியின் நீளவால்

பின்லோ கெவ்லி தன் ஐம்பத்தொன்பது வயது வரை தனக்கென்று எதையும் புதிதாக வாங்கியவர் இல்லை. நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு அவர் போட்டுக்கொண்டு போன பூட்ஸ் அதற்கு முன்பு நான்கு ஜோடிக் கால்களைப் பார்த்திருந்தது. கட்டில், மழைக்கோட்டு, முதல் மோட்டார் சைக்கிள், அதற்குப் பிறகு வந்த ஆறு, எல்லாமே அடுத்தவர் உட்கார்ந்து எழுந்தவைதான். இதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பெருமையாகத்தான் சொல்வார், கேட்கிற நமக்குத்தான் அலுத்துப்போகும்.

முப்பத்தொரு வருஷம் எங்கள் தீவின் தெற்கே இருக்கிற காசில்டவுனுக்கும் துறைமுகம் இருக்கிற டக்ளஸுக்கும் இடையே பஸ் ஓட்டினார். வழியில் 'அவங்க பாலம்' வரும். பாலம் என்று சொல்வதே அதிகம். ஓர் ஓடை, இரண்டு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். 'அவங்க' யார் என்று எங்கள் தீவில் யாரும் விளக்கமாட்டார்கள், பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள், சின்ன உருவம், சட்டென்று வருகிற கோபம், இவ்வளவு தெரிந்தால் போதும். பாலத்தைக் கடக்கும்போது வணக்கம் சொல்லவேண்டும். பின்லோ நூறு கஜத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், பஸ்ஸைப் பூனை நடை நடத்திக்கொண்டு போவார்.

"பெரியவங்க வாசலுக்குப் போறப்ப பிரேக்கைப் போட்டுக் கிறீச்சுனு கத்திக்கிட்டா போவாங்க?" என்பார்.

ஒருநாள் வெளியூர்க்காரன் ஒருவன் கேலியாகச் சிரித்திருக்கிறான். பின்லோ பஸ்ஸைப் பாலத்திலேயே நிறுத்திவிட்டார். "சொல்லிட்டு வாங்க, இல்லன்னா இறங்கி நடங்க. எனக்கு நேரம் இருக்கு. அவங்களுக்கும் இருக்கு." அந்த ஆள் சொன்னான்.

நாங்கள் சொல்லாத பெயர் இன்னொன்றும் உண்டு. கொட்டகையில் ஓடுகிற, கிடைத்ததையெல்லாம் கொறிக்கிற அந்தப் பிராணியின் பெயர். படகில் சொன்னால் படகு திரும்பாது, வீட்டில் சொன்னால் வீடு உருப்படாது என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அதனால் நாங்கள் நீளவால் என்போம். யாராவது வாய் தவறி நிஜப் பெயரைச் சொல்லிவிட்டால் தோஷம் கழியப் பக்கத்தில் இருப்பவர் உடனே சீட்டியடிப்பார். எனக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷமாகக் காசில்டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் மெக்கானிக். அன்றுவரை அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.

கடையில் நானும் மேனேஜர் டெரிக்கும் மட்டும்தான். டெரிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இங்கிலாந்திலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சுறுசுறுப்பான மனுஷர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அப்படிச் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

பஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரம் பின்லோ கடைக்கு வந்தார். முன்பக்கம் ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் நின்றன. சிவப்பு, பெட்டியிலிருந்து இறக்கிய புதுசு. நீலம், டெமோ வண்டி. வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்து ஆயிரத்து நானூறு மைல் ஓடியிருந்தது. விலையில் ஓரளவு குறைவு, கைப்பிடியில் சூடேற்றி வேறு இருந்தது. மூன்று வாரம் அவர் தினமும் வந்து இரண்டுக்கும் நடுவில் நின்றார். பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு யோசிக்கமாட்டார்.

ஒருநாள் அவர் மனைவி ஈலிஷும் கூட வந்தாள்.

"நாற்பது வருஷமா கண்டவன் சூடாக்கின சீட்டுலதான் உட்கார்ந்திருக்க. இந்த ஒரு தடவையாவது புதுசுல உட்காரேன், பின்லோ."

"புதுசு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இதையாவது ஊரே ஓட்டிப் பார்த்திருக்கு."

"ஊரே ஓட்டிக் கசக்கியிருக்கு. மலை ரோட்டுல எவன் எவன் எப்படி முறுக்கினானோ. கேளு ஜுவானை."

நான் உண்மையைத்தான் சொன்னேன். "டெமோ வண்டிய யாரும் தன் வண்டி மாதிரி ஓட்டமாட்டாங்க. உங்க இடத்துல நான் இருந்தா சிவப்பு."

"பாரு," என்றாள் ஈலிஷ்.

அவர் நீல வண்டியின் டாங்கைத் தடவிக்கொண்டே நின்றார். "சரி, சிவப்பே இருக்கட்டும். பார்ப்போம்," என்றார். குரலில் அரை மனசுதான் இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

அன்று மாலை, டெரிக் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், நீல வண்டியை ராத்திரிக்குக் கொட்டகைக்குள் தள்ளும் முன் துடைத்தேன். முன் பிரேக்குக்கு எண்ணெய் போகிற ரப்பர் குழாயில் விரல் தட்டியது. சின்னச் சின்னப் பல் தடம், இரண்டு விரல் நீளத்துக்கு. மேல்தோல் போய் உள்பின்னல் தெரிந்தது. சாதாரணமாகப் பிடித்தால் தாங்கும். பயத்தில் ஒரு தடவை இறுக்கிப் பிடித்தால் வெடித்துவிடும், அதோடு முன் பிரேக் கிடையாது.

ஏழு மணிக்கு எனக்குக் கப்பல். லிவர்பூலில் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போகிறேன். வேலைச் சீட்டை எடுத்து எழுதினேன்: "நீளவால். உடனே சரிசெய்யவும். ஜுவான்." அதைக் கைப்பிடியில் கட்டினேன். எந்த இடம் என்று எழுதவில்லை. எங்கள் ஊர்க்காரன் எவனும் அந்த வார்த்தையைப் பார்த்தால் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பான், சொல்லித்தரவேண்டியதில்லை. டெரிக் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை டக்ளஸில் இறங்கினேன். நல்ல பனிமூட்டம். துறைமுகத்தில் கடைக்கு வந்திருந்த பெட்டிகளை, நான் அங்கேயே விட்டுப் போயிருந்த கடை வேனில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தேன். பாலத்தை நெருங்கும்போது போன் அடித்தது. வணக்கம் சொல்லிக் கடந்து, புல்மேல் வேனை ஓரங்கட்டி, கீழே இறங்கி எடுத்தேன்.

"நல்ல சேதி ஜுவான். கெவ்லி வண்டி எடுத்துட்டார். நீலம்."

"சிவப்புன்னுல்ல சொல்லிட்டிருந்தார்?"

"இந்த வாரம் ரெண்டு தடவை டெமோவ ஓட்டிப் பார்த்தார், மனசு மாறிட்டார். ஓட்டின எல்லாரும் அதுல ஏதோ பாலத்தைத் தாண்டியிருக்காங்களாம், அங்க இருக்கறவங்களுக்கு இந்த வண்டியத் தெரியுமாம், புதுசு அவங்களுக்கு அந்நியமாம். எனக்கு ஒரு எழவும் புரியல. கையெழுத்துப் போட்டார், போதும். ஆங், உங்க சீட்டு வேலையும் முடிச்சிட்டேன்."

"மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு. நீங்க எழுதினது சரிதான், அசிங்கமா நீண்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நம்பர் பிளேட்டோட மொத்த வாலையும் கழட்டிட்டுச் சின்னதா, கச்சிதமா ஒண்ணு மாட்டிட்டேன். இப்பப் பார்த்தா ராஜா மாதிரி இருக்கு."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது பாதியிலேயே நின்றது.

"டெரிக், குழாய்? முன் பிரேக் குழாய்?"

"குழாயா? சீட்டுல வால்னுதானே எழுதியிருந்துச்சு?"

"அவர் இப்ப எங்க?"

"கிளம்பிப் பத்து நிமிஷம் ஆச்சு. டக்ளஸ்ல ஈலிஷைப் பின்னால ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல போகப்போறாராம்."

மலை ரோட்டில் வேகத்துக்கு அளவு கிடையாது. இறக்கத்தில் ஒரு வளைவு, பின்னால் ஈலிஷ், பனியில் குறுக்கே ஓர் ஆடு. எல்லாம் கண்முன் வந்துவிட்டது.

"அவருக்குப் போன் போடுங்க! நீளவால் கடிச்சிருக்கு, டெரிக்!"

"வால் எப்படிங்க கடிக்கும்?"

"வால் இல்லய்யா! அது… நீளவால்!"

"ஜுவான், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"எலி!" என்று கத்தினேன். "எலி! எலி கடிச்ச குழாய்யா!"

பனியில் சத்தம் எங்கும் போகாமல் என்னைச் சுற்றியே நின்றது. ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், நீல வண்டி.

வழக்கம்போல நூறு கஜத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, நடைவேகத்தில், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வணக்கம் சொல்லத் தூக்கிய கை பாதியில் நின்றது. அதிர்ச்சியில் அந்தக் கை கீழே வந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. பட்டென்று ஒரு சத்தம். பிரேக் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்காமல் மெல்ல உருண்டு, புல்லில் ஏறி, பாலத்தின் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றது. அந்த வேகத்துக்கு அவர் காலை ஊன்றினாலே போதுமாக இருந்தது. சுவரில் எண்ணெய் வழிந்து இறங்கியது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "பின்லோ! ஒண்ணும் ஆகலையே? குழாயக் கடிச்சிருக்கு. சீட்டுல எழுதி வெச்சிட்டுத்தான் போனேன், டெரிக்குக்குப் புரியல."

அவர் குழாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஓடையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"இப்ப என்ன சொன்ன நீ?"

"உங்க உயிர்…"

"இங்க நின்னு என்ன சொன்ன?"

நான் குனிந்து வண்டியை நிமிர்த்தினேன்.

"நான் தப்பிச்சது உன் கத்தலால இல்ல, பையா. வணக்கம் சொல்ல மெதுவா வந்தேன், அதனால தப்பிச்சேன். காப்பாத்தினவங்க வாசல்லயே நின்னு அந்தப் பேரைச் சொல்லிட்டியே. என் முகத்துக்கு நேரா. நான் இந்த வண்டிய வாங்கிட்டு வந்த முதல் நாள். சீட்டுலயே அந்தப் பேரை எழுதித் தொலைச்சிருந்தா இங்க கத்தியிருக்க வேண்டாம்ல?"

"நீங்களா இருந்தா எழுதியிருப்பீங்களா, பின்லோ?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"மாட்டேன்," என்றார். ஹெல்மெட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, பனிக்குள் வந்த வழியே நடந்து போய்விட்டார்.

டெரிக் சிவப்பு வண்டியை டெமோ விலைக்கே தருகிறேன் என்று அவர் வீடு தேடிப் போனார். ஈலிஷ் வாசலோடு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு பின்லோ எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறவில்லை. தான் ஓட்டிய அதே பஸ்ஸில் இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்காருகிறார். புது டிரைவர் பாலத்தில் வேகத்தைக் குறைப்பதில்லை என்றும், பின்லோவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும் என்றும் ஈலிஷ் சொன்னாள். என்னோடு பேசுவது அவள் மட்டும்தான்.

கொட்டகையில் கடி நிற்கவில்லை. போன வாரம் சிவப்பு வண்டியின் ஒயரில் தடம் பார்த்தேன். இப்போதெல்லாம் சீட்டில் அந்த வார்த்தையை முழுசாக, பெரிய எழுத்தில், இடத்தோடு எழுதுகிறேன். டெரிக்குக்குச் சந்தோஷம். எழுதும்போது யாரும் பக்கத்தில் இல்லாததால் நானே சீட்டியடித்துக்கொள்கிறேன். டக்ளஸுக்குப் போகவேண்டியிருந்தால் மேற்கே சுற்றி, முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓட்டிப் போகிறேன். அந்தப் பாலத்தில் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சொல்லாமல் கடக்கத் தைரியமும் இல்லை.