திரையில் ஓடிய பெயர்

ஒலிபரப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவனை யாரும் ஓய்வாக விடுவதில்லை. மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அன்று மதியம் கூப்பிட்டவர் எங்கள் தெரு மைக்செட் கடைக்காரர். மாப்பிள்ளையூரணியில் ஒரு கோயில் கொடைத் திருவிழா, சாயங்காலம் வில்லுப்பாட்டு. போன வருடம் பாட்டின் நடுவே மைக் செத்துப்போனதிலிருந்து இன்னொரு கடைக்காரர் கமிட்டிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் சத்தம் போனால் கொடை அவர் கைக்கு மாறிவிடும்.

அதற்காகவே புதிய கருவி வாங்கியிருந்தார். மேடையில் ஒரு பெட்டி ஒலியை எண்களாக்கி ஒற்றை வயரில் அனுப்பும். பந்தலின் மறுகோடியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருக்கும் பெட்டி வாங்கிக்கொள்ளும். கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லிச் செய்தது. சோதனைப் பாட்டு நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு கணம் மௌனம். மறுபடி பாட்டு.

"வயரு புதுசு, கனெக்டரும் புதுசு. பொறவு எதுக்கு அண்ணாச்சி விக்குது? உப்புக்காத்தா இருக்குமோ?"

இந்த ஊரில் எது கெட்டாலும் உப்புக்காற்றின் மேல் பழி போடுவது வசதி. நான் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சின்னத் திரையில் ஆங்கில எழுத்துகள் நான்கு நான்காக நகர்ந்தன: சாமி பெயர், கடைக்காரர் பெயர், சவுண்ட் சர்வீஸ். விக்கல் வந்தபோதெல்லாம் அந்த எழுத்துகள் சிதறிப்போயின.

"உம்ம பேர அங்கன ஓடவிடச் சொன்னது யாருவே?"

"நாந்தான். குழாய் ஸ்பீக்கருல, பெட்டியில, வயருலகூட பேரு எழுதியிருக்கு. இதுல மட்டும் எதுக்கு விடணும்?"

அனுப்பும் பெட்டிக்குள் இருக்கும் சிப் ஒலியோடு ஒரு சிறு குறிப்பையும் துளித்துளியாக அனுப்புகிறது. ஒலியை நொடிக்கு எத்தனை எண்களாக்கியது, அனுப்பியது யார் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அனுப்பியவர் பெயருக்கு நான்கு எழுத்து இடம்தான் உண்டு. குறிப்பின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். நீளமான பெயரை நான்கு எழுத்தில் ஓட்ட வேண்டுமென்றால் குறிப்பைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுத வேண்டும். அதற்கென்று முறை இருக்கிறது. சிப்புக்குள் எழுதும் இடம் வேறு, அனுப்பும் இடம் வேறு. எழுதும் இடத்திலிருந்து அனுப்பும் இடத்துக்கு சிப் தானாகவே நகலெடுக்கும். முதலில் அந்த நகலெடுப்பை நிறுத்தி, முழுக்க எழுதி முடித்து, பிறகு திறந்துவிட வேண்டும். பாதி திருத்திய தாளை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் பியூன் அதையே மேலதிகாரியிடம் கொண்டுபோய் வைப்பார். என் ஆபீசில் நடந்தது இங்கேயும் நடந்தது. பாதி பழையதும் பாதி புதியதுமான குறிப்பு போனது. சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை. வாங்கும் பெட்டி கறாரானது, வாயை மூடிக்கொண்டது.

கோயம்புத்தூர்க்காரரை போனில் பிடித்தேன். நகலெடுப்பை நிறுத்திவிட்டு எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "எழுதறதுக்கு எதுக்குங்க சார் நிறுத்தணும்?" என்றார். விளக்கினேன். அடுத்த வாரம் திருத்தி அனுப்புவதாகச் சொன்னார். வில்லுப்பாட்டு அடுத்த வாரம் இல்லை.

"ஓட்டத்த நிறுத்திரும். மொத நாலு எழுத்து மட்டும் நிக்கட்டும்" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் அனுப்பும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தினார். திரையில் 'ஸ்ரீ' என்பதற்கான மூன்று எழுத்தும் ஒரு வெற்றிடமும் நின்றன.

"ஸ்ரீன்னு மட்டும் கெடந்தா யாரு செட்டுன்னு எவனுக்குத் தெரியும்? அங்க டீ வாங்கிக் குடுக்கானே, அவன் கடையும் ஸ்ரீதான்!"

"சத்தம் வேணுமா, பேரு வேணுமா?"

"சத்தம்" என்றார், வீட்டை எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

சாயங்காலம் வில்லுப்பாட்டு முடியும்வரை ஒருமுறைகூட விக்கவில்லை. கமிட்டித் தலைவர் வந்து, "அடுத்த கொடைக்கும் நீரே வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் கும்பிட்ட கையை இறக்காமல் என் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, அவரு திரையப் பாத்தாரா?"

"பாக்கலவே."

"நல்லவேள."

பைக்கில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, கோயம்புத்தூரிலிருந்து திருத்தம் வந்ததும் நான் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். பெயர் முழுசாக ஓட வேண்டுமாம். சரி என்றேன். முடியாது என்றால் அதற்கும் காரணம் விளக்க வேண்டியிருக்கும்.