குதிரைக்கும் டாங்கிக்கும் நடுவில் ஒரு யானை

ராஜஸ்தான் எல்லையில் டாங்கி ஓட்டியவன் நான். குற்றாலத்துக்குக் குளிக்க வந்து, நான் சமைக்கிற லாட்ஜில் தங்குகிறவர்களில் பாதிப் பேர் இதை நம்பிவிட்டுத்தான் ஊர் திரும்பியிருக்கிறார்கள். பொய். டாங்கிப் படையில் நான் சப்பாத்தி சுட்டவன். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரே ஒரு தடவை டாங்கிக்குள் இறங்கினேன். அதுவும் உள்ளே விழுந்த கரண்டியை எடுக்க. திரும்பி ஏறும்போது வயிறு மாட்டிக்கொண்டது. மூன்று பேர் மேலேயிருந்து இழுத்தார்கள். எதிரியிடம் பிடிபட்டிருந்தால்கூட அவ்வளவு பேர் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எங்கள் ரெஜிமென்ட்டின் பூர்வீகத்தை என்னைப்போலச் சொல்ல ஆள் கிடையாது. அது நிஜம். அதிலும் ஒரு வரி பொய். அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், தென்காசியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேனா பிடித்திருக்கிறேன்.

எங்கள் படையில் ஒரு வழக்கம். புதிதாக வந்த பையன்கள் முதல் சில மாதம் சாப்பாட்டு வரிசையில் நின்று ரெஜிமென்ட்டின் வம்சத்தை இந்தியில் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் தட்டில் சப்பாத்தி விழும். தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை அடுப்படிக்கு. என் கையெழுத்தையே நான் பார்த்துப் பார்த்துத்தான் போடுவேன். சரித்திரத்தை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

வம்சம் இப்படிப் போகும். முதலில் சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்த ஆட்கள். பிறகு வெள்ளைக்காரன் அவர்களுக்கு ஒரு நம்பர் கொடுத்தான். பிறகு இன்னொரு படையோடு சேர்த்துக் கட்டி நம்பரை மாற்றினான். பிறகு குதிரைகளைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு டாங்கி வந்தது. நாடு பிரிந்தபோது எங்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் ரயிலேறியது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பகுதி இங்கே வந்தது. பிறகு வெளிநாட்டு டாங்கி போய் நம் நாட்டில் செய்த டாங்கி.

குதிரை போய் டாங்கி வரும்வரை எதில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்? எனக்குச் சொல்லித்தந்த ஹவில்தார் அந்த இடம் வந்தால் இருமுவார். இருமலை வைத்து எப்படிச் சரித்திரம் சொல்வது? நான் அங்கே யானைகளைச் சேர்த்தேன்.

வடக்கத்திப் பையன்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஒருவன் மட்டும் நம்பினான். தென்காசிக்காரன். நம்ம ஊர் ஆள் நம்மை ஏமாற்ற மாட்டான் என்று நினைத்திருப்பான் போல. பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்றைக்கு, விறைப்பாக நின்று, குதிரைக்கு அப்புறம் யானை என்று ஒப்பித்தான். தண்டனையாக, துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்தபடி வெயிலில் மைதானத்தைச் சுற்றினான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, தானே நினைத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டான். மறுநாள் வரிசையில் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:

"அண்ணாச்சி, அந்த யானைக்கெல்லாம் தீவனம் யாரு, நீங்களா வச்சீக?"

அவன் பிறகு டாங்கி ஓட்டினான், நிஜமாகவே. ஓய்வுபெற்று தென்காசியில் வீடு கட்டினான். போன ஆனியில், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், அவனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை, அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எதையாவது சொல்லிப் பாருங்கள் என்றது. அவன் மனைவி முருகன் பாட்டெல்லாம் பாடிப் பார்த்தாள். அசையவில்லை. நான் போய் வம்சத்தை ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் அவன் வாயிலிருந்து "கோடா" என்று வந்தது. குதிரை. அவள் அழுதுவிட்டாள். தினமும் ஒரு வரி கூடியது. நம்பர் வந்தது, மாறிய நம்பர் வந்தது, குதிரைகள் போயின. அப்புறம் "ஹாத்தி" என்றான். யானை.

அங்கேயே நின்றுவிட்டான். நாள் ஆக ஆக முன்னால் வந்த வரிகளும் உதிர்ந்து, இப்போது யானை மட்டும்தான். தண்ணீர் வேண்டுமென்றால் ஹாத்தி, வலித்தால் ஹாத்தி, பேரப்பிள்ளையைப் பார்த்தால் ஹாத்தி. யானையை விட்டுவிட்டு அடுத்த வரியை நான் சொன்னால் இடக்கையால் கட்டிலை அடிக்கிறான். தண்டனைக்குப் பிறகு சரியான பாடத்தை ஹவில்தார் வாரக்கணக்கில் அவன் மண்டையில் ஏற்றினார். அதெல்லாம் போய், என் புளுகு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவன் மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் பழையபடி ஒரு தடவை "ஏட்டி" என்று கூப்பிட வேண்டும்.

"ஏட்டின்னு ஏசினாக்கூடப் போதும் அண்ணாச்சி," என்றாள்.

இத்தனை மாதத்தில் வராதது இனி வராது என்று டாக்டர் போன வாரம் எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் திரும்பினாள்.

"யானைக்கு அடுத்தாப்ல என்ன வரும்? நீங்க இன்னுங் கொஞ்சம் பெலமா சொல்லிக் குடுத்தா வந்துருமில்லா?"

டாங்கி வரும் என்றேன். அப்படியானால் யானைதான் பெரிய கண்டம் போலிருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றாள். அவள் அதோடு விட்டிருக்கலாம்.

"நெசமாவே யானை இருந்துச்சா அங்கன?"

ஊரெல்லாம் சிரிக்க வைக்கிற வாய் எனக்கு. இருந்தது என்று சொன்னேன். எத்தனை என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவள் மெதுவாக ஒரு தடவை ஹாத்தி என்று சொல்லிப் பார்த்தாள். அப்போதாவது நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது என்னவென்றால்

உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

"அண்ணாச்சி, எழுதுனது போதும், செத்த வாங்க. அவுகளத் தூக்கணும். ஒண்ணுக்கா, தண்ணிக்கான்னு வெளங்கல. யானைன்னுதான் சொல்லுதாக."