நிமிர்ந்து நின்ற வைப்பர்கள்

நகராட்சிச் சம்பளப் பட்டியலில் அவர் தெரு ஆய்வாளர். வார்டு முழுவதற்கும் அவர் பிசின். இரண்டாவது பெயர்தான் நிலைத்தது. காரணம், கையோடு அவர் கொண்டுபோகும் பசை டப்பா. அந்தப் பசையை வைத்து அவர் கார் கண்ணாடியில் ஒட்டும் மஞ்சள் அபராத நோட்டீஸ் வெந்நீருக்கும் மசியாது, பிளேடுக்கும் மசியாது, அழுகைக்கும் மசியாது.

அந்த நோட்டீஸுக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. "தனியார் வாகனம் எதையும் விற்பனைக்கென்று சொல்லாலோ பலகையாலோ குறியாலோ அறிவித்துப் பொதுத் தெருவில் நிறுத்தலாகாது." இதை எழுதியவர் யாரென்று நகராட்சியில் ஒருவருக்கும் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தவர் பிசின் ஒருவர்தான். தெருவெல்லாம் கார் கடையாகிவிட்டால் குடியிருக்கிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கண் மங்கிப்போய், தன் ஒரே வண்டியின் மேல் போன் நம்பரை எழுதிவைத்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் அதே நோட்டீஸ், அதே பசை. பாகுபாடு கிடையாது என்பது பிசினின் பெருமை. இரக்கமும் கிடையாது என்பது தெருவார் சேர்த்துக்கொண்டது.

ஒருவர் கெட்டிக்காரத்தனமாகப் பின் கண்ணாடித் தூசியில் 'விற்பனைக்கு' என்று விரலால் எழுதி வைத்தார். மாட்டிக்கொண்டதும், "அது தூசி சார், நான் ஒண்ணும் பண்ணல" என்றார்.

"ஓஹோ, தூசி பள்ளிக்கூடம் போயிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிசின் பிரஷ்ஷைத் தோய்த்தார்.

இப்படிப்பட்டவரிடமும் ஒரு கார் இருந்தது. சாம்பல் நிறம், பழைய மாடல், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்கு முற்றம் இல்லாததால் அது வாசலில் தெருவோரம் நின்றது. நின்றது என்று சொல்வதுதான் சரி, ஓடியது என்று சொன்னால் பொய். காலையில் எழுந்ததும் பிசின் ஈரத்துணியால் அதைத் துடைப்பார். பிறகு இரண்டு வைப்பரையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைப்பார். வெயிலில் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடுமாம். பிறகு பசை டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தே வேலைக்குப் போவார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பும் நோயாளி உடுப்பும் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். பஸ்ஸில்தான் போய்வருவாள். மழையில் காரில் ஏறினால் சீட் நனையும், வெயிலில் ஏறினால் வேர்வை படும். ஆக, வருஷம் முழுக்க அது ஏறக்கூடாத வண்டி.

"என்னங்க, அந்த மகராசியைத் துடைக்கிற கையோட என் குடையையும் கொஞ்சம் துடைச்சுக் குடுங்க. நான் பஸ் ஸ்டாப்புல நனையணும்ல" என்பாள். பிசின் துடைத்துக் கொடுப்பார். குத்தல் புரியாதவரிடம் குத்திக் காட்டுவது, செவிடன் காதில் சங்கு ஊதுவது போலத்தான். ஆனாலும் அவள் தினமும் ஊதினாள்.

அந்தச் சமயத்தில் தலைமை ஆய்வாளர் பதவி காலியானது. அந்தப் பதவிக்குத் தனி அறை உண்டு. கதவில் பித்தளைப் பலகை உண்டு. பலகையில் முழுப்பெயர் பொறிப்பார்கள். பிசினுக்குத் தூக்கத்திலும் அந்தப் பலகைதான் மினுங்கியது. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று தனக்கு இருப்பதை ஊருக்கு ஞாபகப்படுத்த அதைவிட்டால் வேறு வழியில்லை. எந்த வார்டுத் தெரு விளம்பரம் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதோ அந்த வார்டு ஆய்வாளருக்கே பதவி என்றும், நகராட்சித் தலைவியே நேரில் நடந்து பார்ப்பார் என்றும் செய்தி வந்தது.

பிசினுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் வார்டில் கார்களின் மேல் ஒரு அட்டை இல்லை, ஒரு எழுத்து இல்லை. அதோடு இன்னொரு அதிசயமும் நடந்திருந்தது. தெருத்தெருவாகக் கார்கள் வைப்பரை நிமிர்த்திக்கொண்டு நின்றன. மூலையில் இருந்த பஞ்சர் கடையில் நின்று அவர் அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார்.

"பாத்தியாய்யா? நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், எவனும் கேக்கல. இப்ப ஊரே வைப்பரைத் தூக்கி வைக்குது."

"எல்லாம் நீங்க போட்ட வழி சார்" என்றார் பஞ்சர்க்காரர், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே. முகத்தை நிமிர்த்தவில்லை.

"ரப்பர் நீடிச்சு உழைக்கும்."

"ரப்பர் மட்டுமா சார்? எல்லாமே நல்லா போயிக்கிட்டிருக்கு."

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அட்டைக்கு நோட்டீஸ், எழுத்துக்கு நோட்டீஸ், தூசிக்கும் நோட்டீஸ் என்று ஆன பிறகு, வண்டி விற்க நினைத்தவர்கள் பஞ்சர் கடையில் கூடி யோசித்தார்கள். பிசின் கண்ணில் பட்டும் படாத அடையாளம் ஒன்று வேண்டும். "அவர் வண்டியில என்ன இருக்கோ அதையே வைங்கப்பா. தனக்குத்தானே நோட்டீஸ் ஒட்டிக்குவாரா என்ன?" என்றார் பஞ்சர்க்காரர். அன்றிலிருந்து வைப்பர் நிமிர்ந்திருந்தால் வண்டி விற்பனைக்கு. வாங்க வருகிறவர்கள் பஞ்சர் கடையில் கேட்டால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். பிசின் வண்டி மட்டும் கணக்கில் இல்லை என்பது வார்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத வெளியூர்க்காரர்கள் சிலர் பிசின் வீட்டுக் கதவையே தட்டினார்கள். அவர் மனைவி அப்படித்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். "இப்ப இல்லீங்க, அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவைத்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் தெருவே தாங்காது என்று நினைத்தாளோ, அல்லது தனக்கென்று ஒரு சிரிப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டாளோ.

தலைவி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். தன் டிரைவரைப் பின்னால் நடக்கவிட்டு, பிசினோடு தெருத்தெருவாகப் பார்த்தார். எங்கும் அட்டை இல்லை. "பரவாயில்லையே, பக்கத்து வார்டுல விளம்பரத்துல சுவரே தெரியல" என்றார். பிசினுக்குப் பித்தளை மணக்க ஆரம்பித்தது. கடைசியாக அவருடைய தெரு. பஞ்சர் கடையைத் தாண்டியதும், சாம்பல் நிறக் கார் முன்னால் தலைவி நின்றுவிட்டார்.

"நல்லா வச்சிருக்காங்களே. என்ன விலை சொல்றாங்க?"

"எதுக்கு மேடம்?"

"வண்டிக்குத்தான்."

"இது என் வண்டி மேடம். விக்கிறதுக்கு இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு சார் வைப்பரைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"வெயில்ல ரப்பர் ஒட்டிக்கும் மேடம்."

தலைவி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பஞ்சர்க்காரரைப் பார்த்தார். பஞ்சர்க்காரர் வானத்தைப் பார்த்தார்.

"என் தம்பி உங்க வார்டுலதான் சார் வண்டி வாங்கினான்" என்றார் தலைவி, நோயாளியிடம் டாக்டர் பேசுவது போல. "வைப்பர் தூக்கியிருந்தா விக்கிறதுக்குன்னு அர்த்தமாம். இது உங்களுக்குத் தெரியாதா?"

பிசின் தெருவைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தனக்கு வணக்கம் வைப்பதாக இத்தனை நாள் அவர் நினைத்திருந்த வைப்பர் கைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. தெரியாது என்றால் ஏமாளி, தெரியும் என்றால் கூட்டாளி. விதியோ சொல், பலகை, குறி என்று தெளிவாகச் சொல்கிறது. ஊருக்கே புரிகிற குறி, குறி இல்லாமல் வேறென்ன?

அவர் டப்பாவைத் திறந்தார். தன் கார் கண்ணாடியில் பசையைத் தடவி, மஞ்சள் நோட்டீஸை ஒட்டினார்.

"சார், அது உங்க வண்டி சார்!" என்று பஞ்சர்க்காரர் கத்தியே விட்டார்.

"தெரியும்யா."

"அப்ப பசையாவது கொஞ்சம் கம்மியா போடுங்க சார்!"

சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள். நோட்டீஸைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, இது யார் பேருக்கு வரும்?"

"உரிமையாளர் பேருக்கு" என்றார் பிசின், பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே.

"உரிமையாளர் நான்தானே?"

அவள்தான். ஆஸ்பத்திரி ஊழியர் கடனில் வாங்கிய வண்டி அது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர்தான் இருந்தது. துடைத்துத் துடைத்து பிசின் அதை மறந்துபோயிருந்தார்.

"அபராதம் கட்டறவ நான்னா, விக்கிறவளும் நான்தான்" என்றாள் அவள். "மேடம், நீங்க உள்ள வாங்க. தெருவுல நின்னு விலை பேசினா சட்டம் பாயும்."

"ஏய், நான் எப்ப விக்கச் சொன்னேன்?"

"நீங்க பேசாதீங்க. நீங்க தெருவுல நிக்கிறீங்க."

தலைவி குனிந்து கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, சீட்டுல பிளாஸ்டிக் உறைகூட பிரிக்கலையே!"

"யாரும் உக்காந்ததில்லீங்க மேடம். நானே உள்பக்கத்தை இன்னிக்குத்தான் நல்லா பாக்கறேன்."

இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள். பிசின் பசை டப்பாவோடு அடுத்த காரை நோக்கி நடந்தார். அன்று அந்தத் தெருவில் ஒரு வண்டி தப்பவில்லை. பசை தீர்ந்த பிறகும் அவர் வெறும் பிரஷ்ஷால் கண்ணாடிகளைத் தடவிக்கொண்டிருந்ததாகப் பஞ்சர்க்காரர் பிற்பாடு சொன்னார். அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பதவி பிசினுக்கே கிடைத்தது. சொந்த மனைவியின் வண்டி என்றும் பாராமல் நடவடிக்கை எடுத்த நேர்மையாளர் என்று ஆணையில் ஒரு வரி. அதில் கையெழுத்துப் போட்டவர், அந்த மனைவியிடமே வண்டியை வாங்கிய தலைவிதான். அறை வந்தது, பலகை வந்தது, அதில் முழுப்பெயரும் வந்தது. கடைநிலை ஊழியர் அதைத் துணியால் துடைத்துவிட்டு, "பிசின் சார் ரூம் இதுதான்" என்று வருகிறவர்களுக்கு வழி காட்டினார்.

புதிய தலைமை ஆய்வாளரின் முதல் உத்தரவு வைப்பரைப் பற்றியது. பொதுத் தெருவிலோ நகராட்சிக்குச் சொந்தமான வேறு இடத்திலோ எந்த வண்டியும் வைப்பரை நிமிர்த்தி நிற்கக் கூடாது. ஓட்டை எதுவும் இல்லாமல் அவரே உட்கார்ந்து எழுதினார். பஞ்சர் கடையில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். பக்கக் கண்ணாடியை மடக்கி வைப்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை என்பதில் எல்லோருக்கும் திருப்தி.

தலைவியின் சாம்பல் நிறக் கார் இப்போது அலுவலக வளாகத்தில், பிசினின் ஜன்னலுக்கு நேர் கீழே, கொளுத்தும் வெயிலில் நிற்கிறது. ஒரு மதியம் அவர் பொறுக்க முடியாமல் இறங்கிப் போனார்.

"தம்பி, அந்த வைப்பரைக் கொஞ்சம் தூக்கி வையுங்க. ரப்பர் ஒட்டிக்கும்."

சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்த டிரைவர் எழுந்துகொள்ளவில்லை. "ஃபைன் போட்டுருவாங்க சார்."

"இது மேடம் வண்டிதானே. நான் இருக்கேன்ல."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?"

பிசின் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த வைப்பரைப் பார்த்தார். தொடப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, அறைக்குத் திரும்பி ஜன்னலைச் சாத்தினார்.