இடக்கை முடிச்சு

கனகவல்லி மேடம் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் யாதகிரி. மேடம் எங்கள் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது அவருக்குக் கார் ஓட்டியவர். நான் பேகம்பேட்டில் எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "மேடம் போயாரம்மா" என்று தெலுங்கில் ஒரே வரியில் சொன்னார். முன்பெல்லாம் விமானம் தலைக்கு மேல் போகும்போது போனில் பாதிப் பேச்சு காதில் விழாது. அந்தச் சாக்கில் "என்ன சொன்னீங்க?" என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். விமான நிலையம்தான் ஊரைவிட்டு வெளியே போய்விட்டதே. எல்லாம் தெளிவாகவே கேட்டது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். எல்லோரும் நல்லதையே பேசினார்கள். கூட்டம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய மாணவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் கார்த்திக். சிகந்தராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம். நான் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

"பெரிய லேடிதான் ஆண்ட்டி, இல்லைங்கல. ஆனா அவங்க பண்ண தப்புல எனக்கு ரெண்டு வருஷம் வேலை இல்லாம வேஸ்ட் ஆச்சு. அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க பாருங்க."

அந்த "ஆனா" புதிது அல்ல. மேடம் இறந்த மறுநாள் ஒரு பத்திரிகையில் வந்த சின்னச் செய்தியிலும் அது இருந்தது: நல்ல நிர்வாகி, ஆனால் தேர்வு முடிவுக் குளறுபடியால் பதவி நீட்டிப்பு பெறாதவர். உங்களில் சிலரும் அப்படித்தான் அவரை நினைவு வைத்திருக்கிறீர்கள். அந்த "ஆனா"வுக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சங்க மலரில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சரி, எழுதுகிறேன்.

மேடம் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா அங்கே பணிமனையில் ஃபிட்டர். தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வேயோடு வந்து சேர்ந்தவர். புள்ளியியல் படித்து, அதையே முப்பது வருடம் கற்பித்து, கடைசியில் எங்கள் தனியார் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தார். வீட்டில் பேசும் தமிழையே அலுவலகத்திலும் என்னிடம் பேசுவார். ஏதாவது வேண்டாம் என்றால் "நக்கோ" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

அது ஊரெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எந்தக் கம்பெனி வந்தாலும் அறுபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை நேர்காணல் அறைக்குள் விடமாட்டார்கள். ஒரு தடவை மேடம் அப்படி வந்த அதிகாரியை அழைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஐம்பத்தொன்பது எடுத்த பிள்ளைக்கு என்ன தெரியாது, அறுபது எடுத்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இதில் எழுதிக் கொடுங்கள், நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன் என்றார். அந்த மனிதர் சிரித்துப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது. அந்தக் கம்பெனி அடுத்த வருடம் எங்கள் பக்கம் வரவில்லை. பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். மேடம் ஊர் வாயில் முதலில் விழுந்தது அப்போதுதான்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. தேர்வு முடிவு வெளியாகும் அன்று எல்லாத் துணைவேந்தர்களும் தேர்ச்சி விகிதத்தைக் கேட்பார்கள். இவர் தோற்றவர்களின் பட்டியலைக் கேட்பார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். எதற்கு மேடம் என்று ஒருமுறை கேட்டேன். "பாஸானவன் தன் பேரைத் தானே நாலு தடவை பாத்துப்பான். இவங்களை யாராவது ஒருத்தர் ஒரு தடவையாவது பாக்கணும் இல்ல?" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். விடைத்தாள் யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, மேலே இருக்கும் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, சீட்டிலும் தாளிலும் ஒரே ரகசிய எண்ணைப் போடுவோம். ஒவ்வொரு கட்டிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். எந்தச் சீட்டுக் கட்டு எந்த விடைத்தாள் கட்டுக்கு உரியது என்று காட்டுவது, நாடாவில் கோத்து மேலே கட்டியிருக்கும் அட்டை மட்டும்தான். அந்த வருடம் கம்பெனிகள் முடிவை விரைவாகக் கேட்டார்கள். வீட்டில் என் கணவருக்கு வேலை போயிருந்தது. உடம்பு அலுவலகத்திலும் மனசு வீட்டிலுமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு கட்டுகளின் அட்டைகளை மாற்றிக் கட்டிவிட்டேன். எண்பது பிள்ளைகளின் மதிப்பெண்கள் இடம் மாறின.

முடிவு வெளியான மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே மேடம் தேர்வுப் பிரிவில் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் தோற்றவர்களின் பட்டியல். ஷபானா என்ற பெண்ணின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். சனத்நகரில் லேத் ஓட்டுபவரின் மகள், வகுப்பில் முதல் மாணவி.

"இந்தப் பொண்ணு இதுல ஃபெயிலா? கைக்கு? ஏன்? கட்டை எடு, பாப்போம்" என்றார்.

எடுத்தோம். ஷபானாவின் கையெழுத்து வேறு கட்டில் இருந்தது. மதியத்துக்குள் எல்லாம் விளங்கிவிட்டது. பாஸாக வேண்டிய எட்டுப் பேர் ஃபெயில், ஃபெயிலாக வேண்டிய எட்டுப் பேர் பாஸ். அந்த இரண்டாவது எட்டில் ஐந்து பேருக்கு ஐந்து கம்பெனிகளில் சேரும் தேதி வந்திருந்தது. ஐந்தில் ஒருவர் கார்த்திக்.

நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு வழி சொன்னார். தோற்றதாக வந்த எட்டுப் பேரை மறுமதிப்பீடு என்ற பெயரில் சத்தமில்லாமல் பாஸ் ஆக்கிவிடலாம், மற்ற எட்டை அப்படியே விட்டுவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இன்றைக்கும் சில நாள் அப்படித் தோன்றும். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. பாஸ் என்று நாம் போடும் கையெழுத்தை நம்பித்தான் வெளியே ஒருவன் வேலை கொடுக்கிறான், எட்டுப் பேர் விஷயத்தில் அது பொய் என்று தெரிந்தால் மிச்சப் பேருக்கும் அது பொய்தான் என்றார். மறுநாள் தம் பெயரிலேயே அறிவிப்பு வெளியிட்டார். தவறு நடந்துவிட்டது, பொறுப்பு என்னுடையது, முடிவுகள் திருத்தப்படுகின்றன, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு மாதத்தில் சிறப்புத் தேர்வு. இவ்வளவுதான் அந்த அறிவிப்பு.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வாசலில் கோஷம், பத்திரிகைகளில் படம். ஒரு வைக்கோல் பொம்மைக்கு மஞ்சள் புடவை கட்டிக் கொளுத்தினார்கள். மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நான் மஞ்சள் கட்டினதே கிடையாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று மாலை நான் அவர் அறைக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு போனேன்.

"மேடம், அந்த அட்டை ரெண்டையும் கட்டுனது நான்தான்."

"தெரியும். முடிச்சைப் பாத்தேனே. இந்த ஆபீஸ்ல இடக்கைக்காரி நீ ஒருத்திதான். உன் முடிச்சு எல்லாம் எதிர்ப் பக்கமா திரும்பி இருக்கும்."

"அப்போ எம் பேரைச் சொல்லிருங்க மேடம். என்னால தாங்க முடியல."

"நக்கோ. ரிசல்ட் ஷீட்ல யார் கையெழுத்து இருக்கு?"

"உங்க கையெழுத்து."

"அப்புறம் என்ன? போய் ஸ்பெஷல் எக்ஸாமுக்கு ஹால் டிக்கெட் அடி."

அழுதுகொண்டே போய் அடித்தேன்.

அடுத்த வாரம் மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த ஐந்து கம்பெனிகளுக்கும் போனார். மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், கழுத்தில் 'விசிட்டர்' அட்டையை மாட்டிக்கொண்டு வரவேற்பறை சோபாவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதிரே வந்து உட்கார்ந்த அதிகாரிக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. இந்தப் பையனுக்கு ஒரு மாதம் இடத்தை நிறுத்தி வையுங்கள், தவறு எங்களுடையது, அவனுடையது அல்ல என்று மேடம் கேட்டார். நான்கு கம்பெனிகள் சம்மதித்தன. கார்த்திக்கின் கம்பெனி மட்டும் இடம் நிரம்பிவிட்டது என்றது. திரும்பும்போது கார் பேகம்பேட் மேம்பாலத்தில் ஏறியது. அப்போது மேடம், "அந்தப் பையன் பேர் கார்த்திக்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடக் கடைசியில் மேடத்தின் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிப்பு வரவில்லை. போவதற்கு முன் அவர் போட்ட கடைசி உத்தரவுகளில் ஒன்று, அடுத்த தேர்வுக்கும் சீட்டுக் கட்டுகளை நான்தான் பொறுப்பேற்றுக் கட்ட வேண்டும் என்பது. வேறு யாரையாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். "தப்பு பண்ணவதான் நூறு தடவை பாப்பா. புதுசா வர்றவ ஒரு தடவைதான் பாப்பா" என்றார். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு அட்டையையும் மூன்று முறை பார்த்துத்தான் கட்டினேன்.

எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு. அஞ்சலிக் கட்டுரையில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. என் தவறை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவருக்கு மறுபடி வேலை கிடைத்து, வீட்டில் பயம் தீர்ந்த பிறகு, லாலாகுடாவுக்குப் பக்கத்தில் அவர் இருந்த வீட்டுக்குப் போய், "இப்பவாவது சொல்லிரட்டுமா மேடம்?" என்று கேட்டேன். "நக்கோ. மறுபடி நாலு பேர் போன் பண்ணுவாங்க, எனக்குத் தலைவலி" என்றார். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் என்ன, எனக்கு வாய் இல்லையா?

அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை போவேன். காபி குடிப்போம், பழைய ஆட்களைப் பற்றிப் பேசுவோம். நான் கிளம்பும்போது செருப்பு மாட்டும் இடத்தில் நின்று தவறாமல் ஒன்று கேட்பார்: "கார்த்திக் என்ன பண்றான், ஏதாவது தெரிஞ்சுதா?" தெரியவில்லை மேடம் என்பேன். விசாரித்திருக்கலாம். விசாரித்தால் கார்த்திக்கின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்று பயந்தேன். கடைசியாகப் போனபோது மேடத்துக்கு எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலில் படுத்தபடியே கேட்டார். அதே பதிலைச் சொன்னேன்.

இப்போது தெரியும். அஞ்சலிக் கூட்டத்தில் கார்த்திக் தம் முகவரி அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தவறு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மேடம் காதில் இது விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் இரண்டு வாரம் முன்னதாக விசாரித்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

கார்த்திக், உங்கள் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டது அவர் அல்ல. அந்த இரண்டு அட்டைகளையும் மாற்றிக் கட்டியது நான். உங்களுக்காக அந்த சோபாவில் காத்திருந்தது அவர். இந்த மலரின் ஒரு பிரதியை உங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் நானே நேரில் வந்து சொல்கிறேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மேடத்திடமிருந்து என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். புத்தகம், பேனா என்று எதுவும் அவர் கொடுத்ததில்லை. ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. யார் கையெழுத்து இருக்கு என்று அவர் அன்றைக்குக் கேட்டது. இந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது, மேடம்.

மா. செண்பகம்,
தேர்வுப் பிரிவு (ஓய்வு)