நான் தோற்றதற்கு அத்தாட்சி

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத்தான் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது. மீதிப் பேருக்கு அச்சகம் கொடுத்துவிடும்.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தாவது வேண்டும். இல்லையென்றால் சட்டையில்லாமல் பந்தலில் நிற்பது மாதிரி. கள்ளக்குறிச்சி அச்சகக்காரர் என்னைக் கேட்டார்:

"மாப்ள இன்னா படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி.ங்க. ஒரு பேப்பர் பாக்கி."

"பாக்கியெல்லாம் பிரிண்டுல வராதுங்க."

அந்த ஒரு தாள் புள்ளியியல். தேர்வு எழுதிய அறையின் ஜன்னலில் கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வினாத்தாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடித்துவிட்டது.

மாமனார் ஊரான நைனார்பாளையத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளிக்கும் பத்திரிகை போயிற்று. கல்யாணத்துக்கு மறுமாதமே ஆலை அலுவலகத்தில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார். சான்றிதழ் கேட்கவில்லை. பத்திரிகையையே இரண்டாக மடித்து என் கோப்பில் வைத்துக்கொண்டார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் தரும்?

பதினெட்டு வருடம். வெள்ளை மாவு, புளித்த தண்ணீரின் வாடை, காயும் களத்தில் கண்ணைக் குத்தும் வெயில். எங்கேயும் கால் தரிக்காத நான் அங்கே மட்டும் எப்படித் தரித்தேன் என்று கேட்பார்கள். வேறு எங்கே போனாலும் அசலைக் கேட்பார்களே!

நாற்பத்தாறு வயதில் மலை மறுபடி கூப்பிட்டது. வெள்ளிமலைப் பக்கம் சாமை, கடுக்காய், தேன் வாங்கி விற்கும் ஒரு விவசாயிகள் அமைப்பில் கிடங்குப் பொறுப்பாளர் வேலை. பிளஸ் டூ போதும், பட்டதாரிகள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றே போட்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக நேர்மையும் வசதியும் ஒரே பஸ்ஸில் வந்தன. ஏறிக்கொண்டேன். 'பட்டப்படிப்பு: முடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது நெஞ்சு மலைத்தேன் மாதிரி இனித்தது.

நேர்காணலில் இருந்த மேலாளர் அம்மா வடக்கனந்தல்காரர். மேசையில் ஒரு சின்ன மரச் சிலுவை. விண்ணப்பத்தை ஒரு கையிலும் ஆலை முதலாளி கொடுத்த அனுபவச் சான்றிதழை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? உங்க முதலாளி பி.எஸ்சி.ன்னு போட்டிருக்காரு. நீங்க இல்லன்றீங்க."

"அவர் போட்டது தப்புங்க மேடம்."

"பதினெட்டு வருஷம் வேலை குடுத்தவருக்குத் தெரியாதா? டிகிரிய மறைச்சி உள்ள வர்றீங்க, நல்ல வேலை கெடைச்சா ஆறு மாசத்துல ஓடிப் போயிடுறீங்க. ஏற்கனவே ரெண்டு பேரு ஓடிட்டாங்க சார். நீங்க ஃபெயிலானதுக்கு எதனா புரூஃப் இருந்தா வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா அடுத்த ஆளைப் பாக்கணும்."

நான் சொன்ன ஒரே உண்மைக்கு ஒரு சாட்சியும் இல்லை. பொய்க்கோ லெட்டர்பேடும் முத்திரையும் இருந்தன.

முதலாளியிடம் ஓடினேன். அந்த பி.எஸ்சி.யை மட்டும் எடுத்துவிட்டு வேறு சான்றிதழ் கொடுக்கச் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யோவ், பதினெட்டு வருஷமா என் மில்லுல டிகிரி படிச்ச ஆளு இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன். இப்ப இல்லன்னா என் மானம் இன்னாவுறது? நீ வேணா மலைக்குப் போ. டிகிரி இங்கதான் இருக்கும்."

இனி ஒரே வழி, ஒளித்து வைத்த மதிப்பெண் பட்டியலை வெளியே எடுப்பது. எடுத்தால் வீட்டில் சொல்லியாக வேண்டும். பீரோவில் பழைய மின்கட்டண அட்டைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்ததை எடுத்து மனைவி முன்னால் விரித்தேன். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது?"

"புள்ளியியல். ஃபெயில்."

"எவ்ளோ?"

"முப்பத்திரெண்டு. நாப்பது எடுத்தா பாஸ்."

அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள்.

"எட்டு மார்க்கு! இதையா இத்தன வருஷம் எங்கிட்ட மறைச்சிக்கினு இருந்தீங்க? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் பெரிய ரகசியத்துக்குக் கடலைத் தோல் அளவுக்குக்கூட மரியாதை இல்லை. அப்புறம் அவள் முகம் மாறியது.

"ஆனா ஒண்ணுங்க. தம்பி வூட்டுப் புதுமனைப் பத்திரிகைக்கு மேட்டர் குடுத்தாச்சு. அதுல உங்க பேருக்குப் பின்னாடி போட்டிருக்கு. அதுல கை வைக்கக் கூடாது. எங்கப்பா இருக்கிற வரைக்கும் நீங்க பி.எஸ்சி.தான்."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினேன். மேலாளர் அம்மா பட்டியலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்புறமா எழுதி பாஸ் பண்ணியிருந்தா?"

"பண்ணியிருந்தா இதை எதுக்கு மேடம் ஒளிச்சி வச்சிருக்கப் போறேன்?"

முதல்முறையாகச் சிரித்தார். "சரிங்க சார். திங்கக்கெழமை வந்துடுங்க. நீங்க ஓட மாட்டீங்க."

பதினெட்டு வருடம் பயந்து ஒளித்த தாள் அப்படியாக எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. காலையில் பஸ் ஏறும்போது நான் தோற்றவன். மலையில் நாளெல்லாம் கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவே நிம்மதியாகத் தோற்றவனாகவே இருக்கிறேன். மாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க, பட்டம் தானாக வந்து தோளில் உட்கார்ந்துவிடும். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது முழுப் பட்டதாரி.

போன வாரம் மைத்துனன் வீட்டுப் பத்திரிகையை மேலாளர் அம்மாவுக்கும் வைக்கச் சொல்லி மனைவி உத்தரவு. பெயர்களை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். என் பெயரில் விரல் நின்றது. கூப்பிட்ட மலை இனித் திருப்பி அனுப்பிவிடுமோ?

அவர் பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"மாமனாரு இருக்காரா?"

"இருக்காருங்க மேடம்."

"அப்ப சரி. எங்க வூட்டுக்காரரு பேருக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்கு. நைனார்பாளையத்துக்கு எந்த பஸ்ஸு புடிக்கணும், சொல்லுங்க."